கையைத் தூக்கும் எழுத்து

போன ஆடி மாதம் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தார். பையில் 40 வருஷமாக அவர் சேர்த்து வைத்த செடி, கொடி, மரங்களின் பெயர்கள். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் முதலில், பக்கத்தில் அறிவியல் பெயர், அப்புறம் தமிழில் என்னென்ன பெயர் உண்டோ அத்தனையும், எந்த ஊரில் எது வழங்குகிறது என்ற குறிப்போடு. அச்சில் 200 பக்கத்துக்கு மேல் வரும். சொந்தச் செலவில் 300 பிரதி போட்டு பழைய மாணவர்களுக்கும் சில கல்லூரி நூலகங்களுக்கும் கொடுப்பதாகத் திட்டம். பக்கம் கட்டுவது என் பிழைப்பு என்பதால் யாரோ என் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள். காசு, தாள், பைண்டிங் எல்லாம் பேசி முடித்து, காபி குடித்துவிட்டு எழுந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தலைச்சொல் மட்டும் கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும் தம்பி." நான் "அவ்வளவுதானே ஐயா" என்றேன். அந்த அவ்வளவுதானே என்னை ஆறு வாரம் படுத்தி எடுத்தது.

முதல் புரூஃபில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். உடல் எழுத்துக்கு, அதாவது பக்கம் முழுக்க ஓடும் சாதாரண எழுத்துக்கு, காரமாண்ட் வகையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் நிற்கும் ஆங்கிலப் பெயர்தான் தலைச்சொல். அவற்றுக்கு ஒரு ஸ்டைல் போட்டு, அதில் போல்டு என்று கொடுத்தேன். பக்கம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு நாள் கழித்து ஐயாவிடமிருந்து போன். "நல்லா இருக்கு தம்பி. ஆனா தேடினா சிக்க மாட்டேங்குது." எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. 78 வயது, கண்ணில் புரை, அதற்கு எழுத்து என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று ராத்திரி அதே பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தடித்த சொல்லும் மெல்லிய சொல்லும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தன. யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காரமாண்ட் 16-ம் நூற்றாண்டு பாரீஸ்காரர், அச்சுக்கு எழுத்து வெட்டியவர். அவர் தடித்த எழுத்து என்று ஒன்றை வெட்டவே இல்லை. ஒரே வரியில் மெல்லியதும் தடித்ததுமாகப் போடுகிற பழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. இன்றைக்கு அவர் பெயரில் கிடைக்கும் போல்டெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவர்கள் ஊகித்துச் செய்து சேர்த்தவை. சில வீடுகளில் அப்புறமாக எழுப்பிய மாடி மாதிரி, கீழ்வீட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்.

இரண்டாவது புரூஃபில் வீம்புக்கு செரிஃபே, அதாவது கோட்டு நுனியில் வரும் சின்னப் பாதமே, இல்லாத கனத்த எழுத்தைப் போட்டேன். இந்த முறை ஐயா நேரில் வந்துவிட்டார். "இப்ப சிக்குது. ஆனா செவுத்துல வரிசையா ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. பக்கத்துல இருக்கிறதைப் படிக்க விடமாட்டேங்குது." மூன்றாவதாக பொடோனி என்ற எழுத்து வகையில் கொழுத்தது ஒன்று. அதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். தேர்தல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று அவருடைய சிரிப்பைப் பார்த்து எனக்கே தோன்றிவிட்டது.

எனக்கு ஆகாத எழுத்து

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தடித்த செரிஃப் எழுத்து என்றாலே எனக்கு ஆகாது. 15 வருஷத்துக்கு முன்னால், தொழிலுக்கு வந்த புதிதில், தெரிந்தவர் ஒருவரின் டிபன் கடைக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்துக் கொடுத்தேன். 'பாரம்பரியம் தெரியணும், தூரத்திலிருந்தும் தெரியணும்' என்று கேட்டார். நான் கிளாரண்டன் என்ற பெயரில் கணினியில் கிடந்த ஓர் எழுத்தை எடுத்து, ஆங்கிலப் பெயரை அதில் பெரிதாகப் போட்டேன். மேலும் கீழும் பலகைபோலப் பட்டையாகப் பாதம், நடுவில் ஒல்லியான உடம்பு. பலகை ஏறிய அன்று சாயங்காலம் கடைக்கு வந்த ஒரு பையன் அதை அண்ணாந்து பார்த்து, "என்னண்ணே, குதிரை கட்ட எடம் இருக்கா?" என்றான். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிவுட் கௌபாய் படங்களில் மதுக்கடைச் சுவரில் 'தேடப்படுகிறார்' என்று ஒட்டியிருப்பார்களே, சாட்சாத் அந்த எழுத்து. மூன்று மாதத்தில் பலகை மாறிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தையே ஒதுக்கி வைத்திருந்தேன். தடித்த செரிஃப் என்றால் கத்துகிற எழுத்து, மீசை முறுக்குகிற எழுத்து என்பது என் முடிவு. வேறு யாராவது பயன்படுத்தினால்கூட மனதுக்குள் ஒரு மார்க் குறைத்துவிடுவேன்.

அது அநியாயம் என்று தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நான் டிபன் கடைப் பலகையில் ஏற்றியது கிளாரண்டனே இல்லை. பிரெஞ்ச் கிளாரண்டன் என்று பெயர் ஒட்டிக்கொண்ட பங்காளி அது. அமெரிக்காவில் 1827-ல் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துகளை மொத்தமாகக் கடைந்தெடுக்க ஓர் இயந்திர வழி கண்டுபிடித்தார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு, ஒரு வடிவத்தை வேறு அளவில் நகலெடுக்கும் பான்டோகிராஃப் என்ற கருவியைச் சேர்த்தார். ஒரே மூல வடிவத்தை வைத்துக்கொண்டு நீட்டலாம், குறுக்கலாம், கனமாக்கலாம் என்று ஆனதும் சுவரொட்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஈய எழுத்து பெரிய அளவில் கனம், விலை, உடையவும் செய்யும். மரம் அப்படி இல்லை. எழுத்தின் எந்த இடம் தடிக்க வேண்டுமோ அதை மெலித்து, மெலிய வேண்டிய பாதத்தைப் பெருக்கி, எல்லாவற்றையும் தலைகீழாக்கினார்கள். சர்க்கஸும் ஏலமும் குற்றவாளி நோட்டீஸும் அதில் ஓடின. அந்தப் பங்காளி செய்த ஆட்டத்துக்கு நான் மூத்தவரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜெராக்ஸ் தாள்

மூன்றாவது புரூஃபுக்கு அடுத்த வாரம் ஐயா வந்தபோது கையில் ஒற்றை ஜெராக்ஸ் தாள். தான் வேலை பார்த்த கல்லூரியின் நூலகத்துக்குப் போய், பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பழைய தொகுதி ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வந்திருந்தார். ஜெராக்ஸ் மிஷினில் மை தீர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும். பொடி எழுத்துகளில் பாதி வெளுத்து, ஒல்லியான கோடுகள் எல்லாம் அறுந்து போயிருந்தன. "இதுல எப்படி சிக்குது, சொல்லு பாப்போம்" என்று மேசையில் வைத்தார். பரீட்சை ஹாலில் வினாத்தாள் வைக்கிற அதே தோரணை.

நான் குனிந்து பார்த்தேன். மூன்று பத்திகள், நெருக்கமான வரிகள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத பக்கம். ஆனால் தலைச்சொற்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் பெரிய கனம் ஒன்றும் இல்லை. என் ஆணி எழுத்தில் பாதிக் கனம்கூட இருக்காது. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோடுகளில் தடிப்புக்கும் மெலிவுக்கும் அதிக வித்தியாசம் இல்லை, அதனால் வெளுத்த ஜெராக்ஸிலும் அறுந்து போக ஒல்லியான இடமே அவற்றுக்கு இல்லை. பாதங்கள் தடிப்பாக, தண்டோடு வளைந்து சேர்ந்திருந்தன, திண்ணைத் தூணுக்கு அடியில் வைக்கும் கல் போல. எழுத்து தடித்த அளவுக்கு அகலத்தையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள், உள்ளே இருக்கும் வெள்ளை மூச்சு முட்டவில்லை. நான் அரைமணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஐயா அப்புறம் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

பிரிட்டிஷ் அச்சுக்காரர்கள் தடித்த எழுத்தைப் பொதுவாகவே கிளாரண்டன் என்று அழைக்கிற காலம் ஒன்று இருந்தது. நாம் நகல் எடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே அதுபோல. ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்து 1884-ல் முதல் பகுதி வெளிவந்த அந்த அகராதி, 1928-ல்தான் முடிந்தது. அதன் தலைச்சொற்கள் இந்த வகை எழுத்துதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அகராதியை வெளியிட்டது ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகம். எழுத்தோ அங்கே பிறந்ததல்ல. லண்டனில் வேறொருவர் வெட்டி, அச்சகத்தின் பெயரைச் சூட்டியது என்று சொல்வார்கள். பெயர் கொடுத்த வீட்டுக்கே 40 வருஷம் கழித்து எழுத்தும் வேலைக்குப் போயிருக்கிறது.

அந்த லண்டன்காரரின் பெயர் ராபர்ட் பெஸ்லி. ஃபேன் தெரு எழுத்து வார்ப்பகத்தின் பங்குதாரர். அந்த வார்ப்பகத்தின் கதையே ஒரு தனிப் பதிவுக்கு ஆகும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நடத்திய ராபர்ட் தார்ன், தொப்பை வைத்த கொழுத்த எழுத்துகளுக்குப் பேர்போனவர். லண்டன் சுவர்களில் லாட்டரி விளம்பரங்கள் அந்த மாதிரி எழுத்தில்தான் கூவின. தார்ன் இறந்ததும் 1820-ல் வார்ப்பகத்தை வில்லியம் தாரோகுட் என்பவர் ஏலத்தில் எடுத்தார். எடுத்த பணம் லாட்டரியில் விழுந்தது என்று ஒரு கதை உண்டு. லாட்டரிக்கு எழுத்து வார்த்த பட்டறையை லாட்டரிக் காசிலேயே ஒருவர் வாங்குவது என்பது, பஸ் ஸ்டாண்டில் 'நாளைக்குக் குலுக்கல்' என்று மைக் வைத்துக் கூவியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. 2003-ல் இங்கே லாட்டரி நின்றபோது அந்தக் குரலும், சீட்டுக் கட்டுகளில் இருந்த குண்டு எழுத்துகளும் ஒன்றாகப் போயின.

சரி, பெஸ்லிக்கு வருவோம். அவருக்கு முன்பே தடித்த எழுத்துகள் நிறைய இருந்தன. தார்னின் கொழுத்தவை இருந்தன. 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிகின்ஸ் காட்டிய, செங்கல் மாதிரி சதுரப் பாதம் வைத்தவையும் இருந்தன. எல்லாமே சுவருக்கானவை. வரிக்குள் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் சாய்வெழுத்து, சின்ன அளவில் போட்ட முகப்பெழுத்து (கேபிடல்), இல்லையென்றால் பழைய ஐரோப்பிய ஏடுகளின் பாணியில் வரும் கறுப்பெழுத்து. அதுவும் போதாதபோது சுவரெழுத்திலிருந்தே பொடி அளவு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் செருகுவார்கள். அது பக்கத்து எழுத்துகளோடு உயரத்திலும் ஒட்டாது, சாயலிலும் ஒட்டாது. 1845-ல் பெஸ்லியின் வார்ப்பகம், பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற அச்சு வெட்டுபவரின் கையால், சாதாரண ரோமன் எழுத்தோடு ஒரே வரியில் உட்காரக்கூடிய தடித்த எழுத்து ஒன்றைக் கொண்டுவந்தது. அதுதான் கிளாரண்டன். சுவருக்கு இல்லை, வரிக்கு. தேடுகிறவன் கண்ணுக்குச் சிக்க வேண்டும், படிக்கிறவனை இடறக் கூடாது. ஐயா என்னிடம் ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பெஸ்லி இதைச் சட்டப்படி பதிவும் செய்தார். 1842-ன் அலங்கார வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் மூன்று வருஷப் பாதுகாப்பு. மூன்று வருஷம் முடிந்ததுதான் தாமதம், ஊரில் இருக்கிற வார்ப்பகம் எல்லாம் ஆளுக்கொரு கிளாரண்டன் வார்த்துவிட்டன. அவர் கடுப்பானது, வாடிக்கையாளர்களுக்கு எழுத்துகளைக் காட்டும் அவருடைய மாதிரிப் புத்தகத்தில் அச்சிலேயே இருக்கிறது. ஆனால் நொடித்துப் போகவில்லை, 1869-ல் லண்டனின் லார்டு மேயராகவே ஆகிவிட்டார். நகலெடுத்தவர்கள் இல்லாவிட்டால் இந்த எழுத்தின் பெயர் தடித்த எழுத்துக்கெல்லாம் பொதுப்பெயராகப் பரவியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தேடுகிற விளையாட்டு

கிளாரண்டன் வகையில் இன்று காசு கொடுத்து வாங்கக்கூடியவை பல உண்டு. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் வரைந்தது அவற்றில் பிரபலம். ஐயாவின் பட்ஜெட்டில் அதெல்லாம் நடக்காது. கூகுள் ஃபான்ட்ஸில் தேடினால், 'பெஸ்லி' என்ற பெயரிலேயே ஓவன் ஏர்ல் என்பவர் செய்து இலவசமாக விட்டிருக்கும் ஓர் எழுத்து கிடைத்தது. மெல்லியதிலிருந்து கனத்தது வரை பல தடிமன்கள். நல்ல காரியம் செய்திருக்கிறார் மனுஷன். உடல் எழுத்தையும் மாற்றினேன், காரமாண்டுக்கும் இதற்கும் 300 வருஷ இடைவெளி என்பதால் ஒரே வரியில் ஒட்டவில்லை. 19-ம் நூற்றாண்டுச் சாயலில் கொஞ்சம் திடமான ரோமன் ஒன்றைப் போட்டு, தலைச்சொல்லை பெஸ்லியில் அரை பாயின்ட் குறைத்து வைத்தேன். இந்த அரை பாயின்ட் முக்கியம். தடித்த எழுத்து ஒரே அளவில் இருந்தாலும் பெரிதாகத் தெரியும். குறைத்தால்தான் சமமாகத் தெரிகிறது.

நான்காவது புரூஃபைப் பார்க்க ஐயா தன் பேத்தியோடு வந்தார். ஏழாம் வகுப்பு படிக்கிற பெண். நான்கு புரூஃபிலும் அதே பக்கங்களைத் தரையில் பரப்பச் சொன்னார். அவர் ஒரு பெயரைச் சொல்வார், பேத்தி தேடிக் கைவைக்க வேண்டும். நான் செல்போனில் நேரம் பார்க்க வேண்டும். இதை ஆய்வு என்று சொல்ல முடியாது, பல்லாங்குழி மாதிரி ஒரு விளையாட்டு. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய பாடம். காரமாண்டில் அந்தப் பெண் விரலை வரி வரியாக மேலிருந்து கீழே இழுத்தாள். ஆணி எழுத்தில் விரல் வேகமாகப் போனது, ஆனால் சொல்லைக் கண்டுபிடித்த பிறகு தமிழ்ப் பெயரைப் படிக்கச் சொன்னால், அடுத்த ஆணிக்குத் தாவிவிட்டாள். கொழுத்த எழுத்தில் ஒல்லியான கோடுகள் காணாமல் போய் இரண்டு சொற்களை மாற்றிப் படித்தாள். நான்காவதில் விரலே தேவைப்படவில்லை. "நீம்" என்றார் ஐயா. கண் போனது, கை வைத்தாள், "வேம்பு" என்று அதே மூச்சில் படித்தாள். "போர்ஷியா ட்ரீ" என்றார். "பூவரசு" என்றாள்.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "36 வருஷம் வகுப்பெடுத்தேன் தம்பி. கேள்வி கேட்டா சில பையன் எந்திரிச்சு நின்னு கத்துவான். சிலது தெரிஞ்சும் கம்முனு உக்காந்திருக்கும். ஒருத்தன் மட்டும் உக்காந்த எடத்துலயே கையைத் தூக்குவான். இது அந்தப் பையன்."

15 வருஷமாக நான் அந்த எழுத்தின் மேல் வைத்திருந்த மனத்தாங்கல் அந்த இடத்தில் தீர்ந்தது. தடிமன் வேறு, சத்தம் வேறு. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஓர் எழுத்தில் தடித்த இடமும் மெலிந்த இடமும் ஒன்றையொன்று அதட்டிக்கொண்டு நின்றால் கண் கூசும். பொடோனியின் கொழுத்த வடிவம் அப்படி, பிரெஞ்ச் கிளாரண்டன் அப்படி. கிளாரண்டனில் தடிப்பு எல்லா இடத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 'ஆர்' எழுத்தின் கால் நுனி மேல்நோக்கி லேசாகச் சுருண்டிருக்கும், சின்ன 'ஏ'யும் 'சி'யும் முனையில் ஒரு மிளகு உருண்டையை வைத்துக்கொண்டிருக்கும். அந்த உருண்டைகள்தான் முகத்தைச் சிடுசிடுப்பு இல்லாமல் வைத்திருக்கின்றன. கனமான ஆள், ஆனால் செருப்புச் சத்தம் வராமல் நடக்கிறவர்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எழுத்து வேலை பார்த்த இடங்கள் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தன. அமெரிக்க ரயில் கால அட்டவணைகளில் முற்பகல் நேரம் மெல்லிய எழுத்திலும் பிற்பகல் நேரம் தடித்த எழுத்திலும் போடுவது நீண்ட கால வழக்கம். 'ஏ.எம்.', 'பி.எம்.' என்று போட வேண்டிய இரண்டு எழுத்து மிச்சம், பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே பார்த்தாலும் பிசகாது. அந்த நாட்டின் தேசியப் பூங்காக்களில் மரப்பலகையில் குடைந்த பெயர்கள் பல காலம் கிளாரண்டனாக இருந்தன. 2000-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மொண்டல்பானோ வரைந்த ராலின்சன் என்ற எழுத்து அதன் இடத்துக்கு வந்தது. மரத்தில் குடைகிற உளிக்கு ஒல்லிக் கோடு எதிரி. வெயிலும் மழையும் முதலில் தின்பது அதைத்தான். கிளாரண்டனிடம் தின்னக் கொடுக்க ஒல்லிக் கோடு இல்லை. 1925-ல் அச்சுக்கோக்கும் இயந்திரம் செய்த லைனோடைப் கம்பெனி செய்தித்தாளுக்கென்று கொண்டுவந்த 'ஐயோனிக் 5' என்ற எழுத்தும் இதே கிளையில் வந்ததுதான். மட்டமான தாள், தண்ணியான மை, அசுர வேகத்தில் சுற்றும் மிஷின். அங்கேயும் பிழைத்தது தடிப்பைப் பங்கிட்டுக்கொண்ட இந்த உடம்புவாகு. அதில் கனத்தை மட்டும் குறைத்து உடல் எழுத்தாகவே ஆக்கிவிட்டார்கள். மோசமான சூழ்நிலைதான் இந்த எழுத்துக்கு ஊர் என்று தோன்றுகிறது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் இதைப் போட்டால் கொஞ்சம் பழைய ஆளாகத் தெரிகிறது, அதை நான் மறுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் போட மாட்டேன். டிபன் கடைக்கு இன்னொரு தடவை போடுவேனா என்று கேட்டால், போடுவேன், மூத்தவரை.

ஆனால் எல்லாப் போல்டும் தன் மெல்லிய எழுத்தின் தடித்த வடிவம் என்று நாம் நம்புகிறோமே, அது எப்போதும் உண்மையில்லை. நம் மனு, விண்ணப்பம், ஆய்வேடு எல்லாவற்றிலும் இருக்கிற டைம்ஸ் நியூ ரோமனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932-ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகச் செய்தது. அதன் மெல்லிய வடிவத்தில் 'ஓ' எழுத்தின் தடிப்பு லேசாகச் சாய்ந்திருக்கும். போல்டில் நெட்டுக்குத்தாக நிற்கும். அண்ணன் தம்பி என்று சொல்லிக் கூட்டிவந்து நிறுத்திய இருவர். பல வருஷமாகப் பார்த்தும் நான் கவனித்ததில்லை.

ஞ-வின் வயிறு

ஆங்கிலத் தலைச்சொல் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தபோது ஐயா அடுத்த குண்டைப் போட்டார். புத்தகத்தின் பின்னால் தமிழ் அகரவரிசை வேண்டும். தமிழ்ப் பெயரைத் தேடி ஆங்கிலப் பெயருக்குப் போகிற மாதிரி. "அதுலயும் கை தூக்கணும்" என்றார்.

தமிழில் தடிமன் என்பது வேறு விதமான தலைவலி. ரோமன் எழுத்தில் நெட்டுத் தண்டு இருக்கிறது, அதைக் கனமாக்கலாம், பாதம் வைக்கலாம், சுமையை அங்கே இறக்கி வைக்கலாம். நம் எழுத்தில் பாதி சுழி. ண, ஞ, ணை, ஐ எல்லாம் உள்ளே வெள்ளையை வைத்துக்கொண்டுதான் அடையாளம் காட்டுகின்றன. கோடு உள்பக்கமாகத் தடித்தால் வெள்ளை செத்துப்போகும். வெளிப்பக்கமாகத் தடித்தால் எழுத்து அகலமாகி, ஏற்கெனவே நீளமான தமிழ்ச் சொல் பத்தியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். மெய்யின் புள்ளி இன்னொரு சிக்கல். தடித்த எழுத்தின் தலையில் அது ஒட்டிக்கொண்டால் க்-கும் க-வும் ஒன்றாகிவிடும். போல்டு இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அமுக்கினால் சில மென்பொருள்கள் ஓரத்தை ஊதிப் பெரிதாக்கித் தருவதுண்டு. இகரக் குறியின் வளைவு அடைபட்டு, பார்ப்பதற்கு எழுத்துக்கு அம்மை போட்டமாதிரி இருக்கும். வருஷக்கணக்காக நாம் அதைச் சகித்துக்கொண்டிருக்கிறோம். கல்யாண மண்டப பேனரிலிருந்து கருத்தரங்க மலர் வரை எல்லா இடத்திலும் பார்க்கலாம்.

அதனால் தடிமனைத் தாங்கத் தெரிந்த எழுத்துருவாகத் தேடினேன். மீரா இனிமை எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரே தடிமன்தான் அதில். காட்டாமரானில் ஒன்பது தடிமன் இருக்கிறது, ஆனால் பாதமில்லாத மொழுமொழு உடம்பு, பெஸ்லி பக்கத்தில் நிற்க வைத்தால் ஒருவர் வேட்டியும் ஒருவர் ஜீன்ஸுமாக இருந்தார்கள். கடைசியில் நோட்டோ செரிஃப் தமிழில் தங்கினேன். அதிலும் போல்டுக்குப் போகாமல், அதற்கு ஒரு படி கீழே இருக்கிற அரைத் தடிமனை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே ஒரு முடியளவு இடைவெளி கூட்டி, உடலை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கினேன். தலைச்சொல்லைத் தடிக்க வைக்க முடியாதபோது சுற்றியிருப்பதை மெலிய வைப்பது என்று ஒரு குறுக்கு வழி. பெஸ்லி ஆங்கிலத்தில் செய்தது இதுவல்ல, தெரியும். அவர் அகலத்தையும் தடிப்பையும் சேர்த்து யோசித்து, புதிதாக வெட்டினார். தமிழில் வரிக்குள் உட்கார்ந்து கைதூக்குகிற எழுத்தை, மெல்லியதைத் தடிக்க வைக்காமல் முதலிலிருந்தே தடிப்பாக யோசித்து யாராவது வரைந்தால், நான் முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவேன்.

பின்னிணைப்பின் புரூஃபை முந்தாநாள் அனுப்பி வைத்தேன். இன்று காலை திரும்பி வந்துவிட்டது. பேத்தி தேடிப் பார்த்தாளாம். அகத்தி கிடைத்தது, நுணா கிடைத்தது, வாகை கிடைத்தது. 23 பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. 'ஞாழல்'. ஞா-வின் வயிறு அடைத்திருக்கிறது. ஓரத்தில் ஐயாவின் கையெழுத்தில் நெய்தல் நிலத்து மரம் அது என்று ஒரு குறிப்பும், அதற்குக் கீழே "இதை மட்டும் கொஞ்சம் பார் தம்பி" என்று ஒரு வரியும்.